வலையில விழுந்த வாட்டர் பாக்கெட்!

போன செமஸ்டர்ல எங்க என்.எஸ்.எஸ். டீம் பீச் க்ளீனிங் போச்சு. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு பொறுக்கினதுல பத்து மூட்டை குப்பை. அதுக்கு முன்னாடி நின்னு க்ரூப் போட்டோ வேற! தாகத்துக்கு என்ன குடிச்சோம் தெரியுமா? வாட்டர் பாக்கெட். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்து தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக்ல அதுவும் ஒண்ணு! சிரிக்காதீங்க... நானும்தான் குடிச்சேன்.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்கிட்ட பெருமை அடிச்சேன். பையனுக்கு ஊர் நாகப்பட்டினம். அப்பா விசைப்படகுல கடலுக்குப் போறவர்.

"மச்சான், இந்தக் குப்பை எங்கப்பா வலையில தினமும் வருதுடா. மீனைப் பொறுக்கிட்டு மிச்சத்தைக் கடல்லயே கொட்டிடுவாங்க."

"அறிவில்லையாடா?"ன்னு கேட்டுட்டேன். அவன் முகம் சுருங்கிடுச்சு. "கரைக்குக் கொண்டாந்தா யார்றா வாங்கிக்குவா? ஒரு ஆளைச் சொல்லு"ன்னான். என்கிட்ட பதில் இல்லை. ரெண்டு நாள் அவன் என்கூட பேசவும் இல்லை.

தேடினப்போ பதில் பக்கத்து ஸ்டேட்ல கிடைச்சது. 2017-ல கேரள அரசு 'சுசித்வ சாகரம்'னு ஒரு திட்டத்தை ஆரம்பிச்சது. இடம், கொல்லம் பக்கத்துல நீண்டகரை, சக்திகுளங்கரை துறைமுகங்கள். படகுகளுக்குப் பை கொடுத்துட்டாங்க. வலையில வர்ற பிளாஸ்டிக்கை அதுல போட்டுக் கரைக்குக் கொண்டு வரணும், அவ்வளவுதான். கரையில பெண்கள் அதைப் பிரிச்சு, கழுவி, காயவைப்பாங்க. அப்புறம் மெஷின்ல துண்டு துண்டா நறுக்கி ரோடு போட அனுப்புவாங்க. முதல் 10 மாசத்துல வந்தது சுமார் 25 டன்!

அந்த ரோடு டெக்னிக் நம்ம மதுரைச் சரக்கு பாஸ்! தியாகராஜர் பொறியியல் கல்லூரி கெமிஸ்ட்ரி பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடிச்சது. சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினா, உருகி மேல்பூச்சா ஒட்டிக்கும். அப்புறம் தாரைக் கலந்தா பிடிப்பு கூடும். 2018-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. ஆனா எல்லாப் பிளாஸ்டிக்கும் இதுக்கு ஆகாது. பி.வி.சி.யைச் சூடாக்கினா நச்சுப் புகைதான் மிச்சம். அதனாலதான் தரம் பிரிக்கிறது அவ்வளவு முக்கியம்.

இப்ப யோசிங்க. 2019 தடை, 2021 டிசம்பர்ல வந்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம்... எல்லாமே குப்பை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி தடுக்கிற வேலை. ஏற்கெனவே உள்ளே போனதை எடுக்க, தினமும் வலை வீசுறவரை விட்டா யாரு? அவருக்கு அட்வைஸ் தேவையில்லை. ஒரு பையும், கரையில அதை வாங்கிக்க ஒரு ஆளும் போதும்.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட சொல்லி, "சாரிடா"ன்னேன். "அப்பாகிட்ட சொல்றேன். ஆனா அடுத்த க்ளீனிங்குக்கு வீட்லேர்ந்து தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போடா"ன்னு சிரிச்சான்.

நீங்களும்தான் ஃப்ரெண்ட்ஸ்!