கேசினோ வந்தால் ஊருக்கு லாபமா? கொழும்புக்கு இரண்டு பாடங்கள்

கொழும்பில் 2025 ஆகஸ்ட்டில் ‘சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்’ கேசினோ திறக்கப்பட்டது. மொத்தத் திட்டத்தின் மதிப்பு 100 கோடி டாலருக்கும் மேல். 2022இல் டாலர் தட்டுப்பாட்டால் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாடு இது. “டாலர் வருமே” என்கிறது ஒரு தரப்பு. “குடும்பங்கள் தெருவுக்கு வந்துடுமே” என்கிறது இன்னொரு தரப்பு. எது சரி?

சூதாட்டத்தில் பணம் விளைவதில்லை, கைதான் மாறுது. அதனால் முதலில் கேட்க வேண்டியது, தோற்கப்போவது யாருடைய பணம் என்பதைத்தான்.

அட்லாண்டிக் சிட்டியில் என்ன ஆச்சு?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில மக்கள் 1976இல் வாக்களித்து, இந்தக் கடற்கரை நகரத்தில் கேசினோவை அனுமதித்தார்கள். 2006இல் வருமானம் 500 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் கேசினோ வந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் சொந்த ஊரிலேயே ஆட ஆரம்பித்தார்கள். 2014இல் மட்டும் 12 கேசினோக்களில் 4 மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போச்சு.

சிங்கப்பூர் என்ன செய்தது?

கடும் விவாதத்துக்குப் பிறகு 2005இல் அனுமதி தந்தது. 2010இல் இரண்டு கேசினோக்கள் திறந்தன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் டாலர் கட்டணும். 2019இல் இது 150 ஆனது. சூதாட்டத்தால் பாதிக்கப்படும் குடும்பத்தினர் விண்ணப்பித்து, தங்கள் வீட்டு ஆளை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி உண்டு.

கொழும்பு எந்தப் பக்கம்?

இலங்கையும் உள்ளூர்க்காரர்களுக்கான நுழைவுக் கட்டணத்தை 2025இல் 50 டாலரிலிருந்து 100 டாலராக உயர்த்தியது. உள்ளூர்க் குடும்பங்களைக் காப்பதில் இது நல்ல தொடக்கம். ஆனால், உள்ளூர்க்காரர்களைத் தள்ளி நிறுத்தினால் வெளியிலிருந்து வருபவர்களை நம்பியே ஓட்டணும். இலங்கைக்கு அதிகச் சுற்றுலாப் பயணிகளை அனுப்பும் நாடு இந்தியா. நாளைக்கே இந்தியாவில் கேசினோக்கள் பெருகினால், கொழும்புக்கும் அட்லாண்டிக் சிட்டியின் கதிதான்.

இன்னொன்றும் இருக்கு. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே விட்ட பணத்துக்கான கடனும் சண்டையும் திரும்பி வருவது இங்குள்ள வீட்டுக்கு. கொழும்பின் லாபக் கணக்கில் அது ஏறாது.