அடிக்காடு

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீர் களனி கங்கையின் நீரை அம்பத்தளையிற் சுத்திகரித்துப் பெறுவதே என்பதை அறிந்தவர் பலர். அந்த நதிக்கு ஊற்றுக்கண்ணாக விளங்கும் மலைக்காடுகளின் க்ஷேமத்தை விசாரிப்பவர் மிகச் சிலர்.

காடு எவ்வாறு நலிகிறது என்பதற்குத் தூரதேசத்து உதாரணமொன்று சொல்வேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 'பாண்டோ' என்று பெயரிடப்பட்ட ஆஸ்பென் காடொன்று சுமார் 43 ஹெக்டயர் விஸ்தீரணத்தில் நிற்கிறது. ஏறக்குறைய 47,000 அடிமரங்கள் கொண்டதாயினும், அத்தனையும் ஒரே வேர்த்தொகுதியிலிருந்து எழுந்த ஒரே ஜீவன் என்று தாவர சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். அத்தகைய பிரம்மாண்டமான விருட்சத்தையும் இளைக்கச் செய்வது கோடரியன்று. வேரிலிருந்து கிளம்பும் தளிர்களை மான்களும் மாடுகளும் மேய்ந்துவிடுவதால், விழும் கிழமரத்தின் இடத்தை நிரப்பக் கன்று இல்லாமற் போகிறது. வேலியிட்டுக் காத்த பகுதிகளிலே தளிர்கள் மீண்டும் ஓங்கியிருக்கின்றன.

களனிக்கு ஊற்றாகும் மலைக்காடுகளைக் கொண்ட நமது ஹோர்ட்டன் சமவெளியை எண்ணும்போது இது நினைவுக்கு வருகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் உயரத்தில், 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அப்பிரதேசத்தில், கீன மரங்கள் பாசி போர்த்துக் குடைபோற் கவிந்து நின்று, தவழ்ந்து வரும் மேகத்திலிருந்தே நீரைத் துளித்துளியாகப் பறித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. அவற்றின் கீழே நெருங்கி வளர்வது, சிங்களத்தில் நெலு எனப்படும் குறிஞ்சி இனம். அதிற் சில வகைகள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை ஒருசேரப் பூத்து, வித்துதிர்த்து, மடிந்து போகின்றன. 2013இல் அப்படியொரு பூப்பு நிகழ்ந்தது. அவ்வித்துகளைத் தேடிக் காட்டுக்கோழிகள் திரளும். செடிகள் மடிந்தபின் அடிக்காட்டிற் சூரியப்பிரகாசம் விழ, இருளில் ஒடுங்கியிருந்த மரக்கன்றுகளுக்கு விமோசனம் கிட்டுகிறது.

இவ்வளவு நுட்பமாக அமைந்த காடு 1970கள் முதலே ஆங்காங்கே உச்சியிலிருந்து பட்டுவருகிறது. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் அமிலத்தன்மை, காற்றின் மாசு என்று ஆய்வாளர் பலவாறு காரணம் கூறுவர். பட்ட மரத்தின் இடைவெளியில் முளைக்கும் கன்றையோ மரை என்னும் பெரிய மான்கள் கடித்துவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரத் துரை, இம்மலைகளில் வேட்டைநாய்களைக்கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பெருமையாக எழுதிவைத்தார். இன்று சட்டத்தின் பாதுகாப்பில் பெருகி, வண்டிகள் நிறுத்துமிடத்திலே கைநீட்டுவோரிடம் தின்பண்டம் வாங்கப் பழகிய மரைகளும் உண்டு! அவற்றின்மேற் பழிபோடுவது என் நோக்கமன்று. விருந்து வைத்து அவற்றைக் கூட்டுபவர் நாமே.

ஆதலின் அங்கே செல்லும் அன்பர்களிடம் ஒன்று கேட்பேன். மரைக்கு எதுவும் கொடாதீர்கள். அங்குள்ள 'உலகமுடிவு' என்னும் செங்குத்தான மலைவிளிம்பைப் பார்த்துத் திரும்புகையில், பாதையை விட்டிறங்காமல், பட்ட மரங்களின் காலடியிற் கன்றுகள் தென்படுகின்றனவா என்று நோக்கி எனக்கு ஒருவரி எழுதுங்கள்.