பாட்டு கேட்க வெளிச்சம் எதற்கு?

"எந்நேரமும் பாட்டுப் போட்டுக்கிட்டே இருந்தா சார்ஜ் எங்கடா நிக்கும்?"

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பையன்கள் வீட்டில் வாங்குகிற திட்டு இது. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போகிறவர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். ஆனால் இந்தத் திட்டு அநியாயம்! பேட்டரியைத் தின்பது பாட்டு இல்லை. பாட்டைப் போடுகிற விதம்தான்.

கணக்குப் பாருங்கள். 128 கே.பி.பி.எஸ். எம்பி3 என்றால் 5 நிமிடப் பாட்டு சுமார் 4.8 எம்.பி. அதைப் பிரித்து ஒலியாக்குவது இன்றைய செல்போனுக்கு ஒரு வேலையே இல்லை. பிறகு ஏன் பேட்டரி இறங்குகிறது? மூன்று காரணங்கள்.

முதல் காரணம் திரை. யூட்யூபில் காசு கட்டாதவர் திரையை அணைத்தால் பாட்டு நின்றுவிடும். அதனால் தறிக்காரர் சட்டைப் பையில், யாருமே பார்க்காத படம் விடிய விடிய ஓடுகிறது. காதுக்குத் தேவையில்லாத வெளிச்சத்துக்கும் படத்துக்கும் சேர்த்துப் பேட்டரி அழுகிறது. டேட்டாவும் போகிறது, சிக்னல் பிடிக்கும் செலவும் சேருகிறது.

இரண்டாவது, பிராசசரைத் தூங்க விடாத ஆப்கள். 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுப்பினால் விநாடிக்கு 50 தடவை! சில விநாடிகளுக்கான ஒலியை மொத்தமாகப் பிரித்து வைத்துவிட்டால் அது நடுவில் நிம்மதியாகத் தூங்கும். இது ஒன்றும் புது ஞானம் இல்லை. 2001ல் வந்த முதல் ஐபாட், பாட்டுகளை 32 எம்.பி. நினைவகத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கை நிறுத்திவிடும். 10 மணி நேரம் பாடும் என்று சொல்லி விற்றார்கள்.

மூன்றாவது, சின்ன வேலைக்குப் பெரிய ஆள். ஒலிக்கென்றே டி.எஸ்.பி. என்று ஒரு குட்டிச் செயலி செல்போனுக்குள் இருக்கிறது. அது இருக்கும்போது முக்கியப் பிராசசரை இழுப்பது, நாமக்கல்லில் ஒரு தட்டு முட்டையை ஏற்றிப்போக பத்துச் சக்கர லாரியைக் கிளப்புவது போல! 2013ல் ஆண்ட்ராய்டு 4.4 வந்தபோது இந்த வேலையை டி.எஸ்.பி.யிடம் தள்ளினார்கள். நெக்ஸஸ் 5ல் 60 மணி நேரம் வரை பாட்டு கேட்கலாம், முன்பைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் என்றது கூகுள். வழி தெரிந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் திட்டு மட்டும் கேட்பவருக்கே விழுகிறது.

"பவர் பேங்க் வாங்கிக்கோ, ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கே" என்பார்கள். லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் தேய்கிறது. சில நூறு சுற்று போனதும் பழைய தெம்பு இருக்காது. தினக்கூலிக்காரர் அதற்கும் தன் பாக்கெட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிற சேலம் மாவட்டத்திலேயே மணிக்கணக்கில் கரண்ட் கட். அன்று கைகொடுத்தது பட்டன் போனில் இருந்த எஃப்.எம். ஹெட்செட் ஒயரே ஏரியல். டேட்டா வேண்டாம், திரை வேண்டாம். இன்று பல ஸ்மார்ட்போன்களில் அந்த வசதியே காணோம். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று போன் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. சொன்னது அறிவுரைதான், சட்டம் இல்லை. அறிவுரை கேட்டு லாபத்தை விடுகிற கம்பெனி எது?

கேட்பவர்கள் செய்யக் கூடியதும் இருக்கிறது. பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு திரையை அணைத்துக் கேட்கலாம். ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்செட் போடலாம். ஈக்வலைசர் மாதிரி ஜிகினாக்களை நிறுத்தலாம், அவை சில போன்களில் வேலையைத் திரும்ப முக்கியப் பிராசசர் தலையிலேயே கட்டிவிடும்.

ஆனால் பெரிய பொறுப்பு எழுதுகிறவர்களுக்கு. சேலத்திலும் நாமக்கல்லிலும் வருடா வருடம் எத்தனை பிராஜெக்ட் ஆப்கள் வருகின்றன! கலர், அனிமேஷன் எல்லாம் இருக்கும். "திரை அணைந்த பிறகு உன் ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது?" என்று வைவாவில் ஒரு கேள்வி வரட்டும். பதில் தெரியாத மாணவர், தறிச் சத்தத்துக்கு நடுவே பாதிப் பாட்டில் போன் செத்துப்போன அந்தப் பையனிடம் போய்ப் பதில் சொல்லட்டும்.