தோட்டத்துக்கு முன் துறைமுகம்

மலேசியத் தமிழர் வரலாறு எங்கே தொடங்குகிறது? நம் மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்தைத்தான் காட்டுவர். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் எனக்குக் கற்பிக்கப்பட்டதும் அதுவே. அந்தப் பாடம் பொய்யன்று. ஆனால் அது பாதிப் பாடம். மீதியைப் படிக்க விரும்புவோர் பினாங்குக்குப் பாலத்தின் வழியே போகாமல், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் போக வேண்டும் என்பது என் கருத்து.

பழைய ஈரடுக்கு ஃபெரிகள் 2020 இறுதியோடு பயணிகள் சேவையிலிருந்து விடைபெற்றன. 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் ஜார்ஜ்டவுன் கடலைப் பார்த்துக் கட்டப்பட்ட நகரம் என்பது படகில் வருபவருக்கே விளங்கும். வலப்புறம் உல்லாசப் படகுகளுக்காக அமைக்கப்பட்ட மரினா. அதற்கப்பால் சொகுசுக் கப்பல்கள் அணையும் சுவெட்டன்ஹாம் துறை. இடப்புறம் நீரில் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் குலத்துறை வீடுகள்.

கரையிறங்கியதும் சாலைப் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். 'காட் லெபோ சீனா', 'காட் லெபோ கெரேஜா' என்றிருக்கும். 'காட்' என்பது படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல். ஒரு காலத்தில் அலை தொட்ட 'லெபோ பந்தாய்' இன்று உள்ளே தள்ளி நிற்கிறது. இடைப்பட்ட நிலம் கடலைத் தூர்த்து எடுத்தது. இன்னும் பத்து நிமிடம் நடந்தால் குயீன் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தார் கோயில் வீடு. சூலியா ஸ்திரீட்டை ஒட்டி 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கப்பலேறி வந்த வணிகரும், மூட்டை தூக்கியோரும், படகு வலித்தோரும் விட்டுச்சென்ற தடங்கள் இவை.

ரப்பர் இங்கே வணிகப் பயிரானது 1890களின் பிற்பகுதியில்தான். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் பினாங்கில் கடை வைத்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்ததை பிரான்சிஸ் லைட் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். அவர்களில் பலர் அதற்கும் முன்பே கெடாவில் குடியிருந்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 'பெண்டாத்தாங்' என்ற சொல் நம்மீது வீசப்படும்போது நாம் கோபப்படுகிறோம், பதில் சொல்வதில்லை. ஆண்டும் இடமும் தெரிந்தவனிடம் பதில் இருக்கும். தோட்டத்தில் நம் முன்னோர் சிந்திய வியர்வையை மறக்கச் சொல்லவில்லை. 'அழைத்து வரப்பட்ட கூலிகள்' என்ற ஒரே வரியில் நம் கதையை முடித்துவிடாதீர்கள் என்கிறேன். தாமாகவே கடல் கடந்து வந்து, வணிகம் செய்து, ஊர் அமைத்தோரும் நம்மவரே.

குலத்துறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டு 2006இல் இடிக்கப்பட்டன. எஞ்சியவை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி பெற்ற பகுதிக்குள் இருக்கின்றன. உலகமே வந்து பார்க்கிறது. அதே துறையில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் கதையைப் பயணிகளுக்கு யார் சொல்கிறார்கள்?

நாமே சொல்லலாம். பத்து ஃபெரிங்கியில் குளித்து, நாசி கண்டார் சாப்பிட்டு, குழுப்படம் எடுத்துத் திரும்புவது போதும். அந்த நாசி கண்டாரே, தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் சுமந்து வந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற சோறுதான்! கழகத்தின் அடுத்த கல்விச் சுற்றுலா ஃபெரியில் தொடங்கட்டும். துறைமுகத்தில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். ஆளுக்கொரு பெரியவரைச் சந்தித்து, அவர் சொல்வதைத் தமிழில் எழுதி வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்குப் பத்துப் பக்கங்கள் ஒதுக்கினால் போதும்.