அங்கே யாரைத் தெரியும்?

நாடகம் பயிலப் பெருநகருக்குச் செல்ல விரும்பும் பெண்ணிடம், “அங்கே நமக்கு யாரைத் தெரியும்?” என்றே பெற்றோர் முதலில் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய மனிதரின் பழக்கம் மட்டுமே கலைஞரை வளர்ப்பதில்லை. சென்னையில் வாழ்ந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, புரிசைக் கிராமத்து நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டு வியந்தார். 1977-இல் பிறந்த கூத்துப்பட்டறைக்கு அக்கலையே ஊற்றாயிற்று.

நம் கெலமங்கலத்திற்கு அருகிலுள்ள பெருநகர் பெங்களூரு. அங்கே 2004-இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கில் பன்மொழி நாடகங்கள் நடக்கின்றன. தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசும் நம்மூர்ப் பெண், இயக்குநரின் வாசலில் மட்டும் காத்து நிற்பானேன்? விளக்கமைப்போர், உடை தைப்போர், ஒப்பனை செய்வோர் ஆகியோருடனும் பழகட்டும். அவர்கள் வேலையில் கைகொடுக்கட்டும். கூட உழைத்தவளை அடுத்த நாடகத்திற்கும் அவர்களே அழைப்பார்கள்.