சொறிமீனுக்கு எதற்குக் காசு?

ஆழ்கடல் உயிர்களையும் நுண்ணுயிர்களையும் வைரஸ்களையும் தேடிப் போக அரசு பணம் ஒதுக்குவது வீண் என்று வாதிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அதன் சாரம் இது: ஏழை நாட்டில் ஆராய்ச்சி நோயிலிருந்து தொடங்க வேண்டும், சொறிமீனிலிருந்து அல்ல. கடல் தந்த மருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் கடைசியில் ஆய்வுக்கூடத்தில்தான் தயாராகின்றன. இனி மூலக்கூறுகளைக் கணினியே வடிவமைத்துத் தந்துவிடும். கொரோனாவில் பட்டது போதாதென்று வைரஸைத் தேடிப் போவது வம்பை விலைக்கு வாங்குவது.

வரிப்பணத்தின் மேல் அக்கறை உள்ள மனிதர் பேசுகிறார் என்றுதான் படிக்கும்போது தோன்றும். ஆனால் உயிரித் தொழில்நுட்பம் வந்த வழியை அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தவர் இவற்றில் ஒன்றைக்கூட எழுதியிருக்க மாட்டார்.

கொரோனாவை அவரே இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குவோம். மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியை ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார்களே, அந்தப் பெயரின் இரண்டு பாதிகளும் எங்கிருந்து வந்தன? கொரோனாவின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. சோதிப்பதற்கு முன் அதை டிஎன்ஏவாகப் படியெடுக்க வேண்டும். அப்படி ஒரு படியெடுப்பு நடக்கவே நடக்காது என்று பெரும்பாலான உயிரியலாளர்கள் நம்பிய காலத்தில், 1970-இல், அதைச் செய்யும் நொதியை ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். டெமின் பார்த்தது கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸை. பால்டிமோர் பார்த்தது எலிக்கு இரத்தப் புற்று உண்டாக்கும் வைரஸை. கட்டுரையாளர் அன்று நிதிக்குழுவில் இருந்திருந்தால் கோழிக்கு வைத்தியம் பார்க்கக் கால்நடை மருத்துவர் இருக்கிறாரே என்று கேட்டிருப்பார்.

அடுத்த பாதி பிசிஆர். துளி டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பெருக்கும் இந்த முறையை 1983-இல் கேரி முல்லிஸ் யோசித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கலவையைக் கொதிநிலை நெருங்கச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண நொதி செத்துப் போகும். சுற்றுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்த்தது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதி. அந்தப் பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்தது 1966-இல், முல்லிஸ் யோசிப்பதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பு. பிராக் எந்த நோய்க்கும் மருந்து தேடவில்லை. எவ்வளவு சூட்டில் உயிர் வாழும் என்று பார்க்கப் போனார், அவ்வளவே. நோயிலிருந்து தொடங்கு என்ற விதி அன்று அமலில் இருந்திருந்தால் 2020-இல் யாருக்குத் தொற்று, யாருக்குச் சாதாரணச் சளி என்று பிரித்துச் சொல்ல நமக்கு இந்தப் பரிசோதனை இருந்திருக்காது.

தடுப்பூசியும் இதே கதைதான். நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் கொரோனாவின் மரபணுவைச் சுமந்து வந்தது சிம்பன்சியிடமிருந்து எடுத்து, பெருகாதபடி மாற்றிய அடினோ வைரஸ். ஃபைசர், மாடர்னா ஊசிகளின் எம்ஆர்என்ஏவை எழுதித் தந்த நொதி, டி7 என்ற பாக்டீரியக்கொல்லி வைரஸுடையது. வைரஸை நோண்டாதே என்பவர் வைரஸ் சுமந்து வந்த பாதுகாப்போடு உட்கார்ந்து எழுதுகிறார்.

இனி அவர் ஏளனம் செய்யும் சொறிமீன். 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுராவும் ஃபிராங்க் ஜான்சனும் வாஷிங்டன் மாநிலத்து ஃப்ரைடே ஹார்பரில் ஏறத்தாழப் பத்தாயிரம் சொறிமீன்களை வாரினார்கள். அது ஏன் ஒளிர்கிறது என்பது மட்டுமே கேள்வி. ஒளிரும் புரதத்தைப் பிரித்தபோது கூடவே பச்சையாக மினுங்கும் இன்னொரு புரதமும் வந்தது. 1962-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதற்குக் கிடைத்தது சிறு குறிப்புதான். இன்று புற்றுச் செல் எங்கே பரவுகிறது, எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பதை உயிருள்ள செல்லிலேயே கண்ணால் பார்க்க உதவுவது அந்தப் பச்சைப் புரதம். 2008-இல் ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான்காவதாக ஒருவர் இருந்தார். டக்ளஸ் பிராஷர். 1992-இல் அந்தப் புரதத்தின் மரபணுவைப் படியெடுத்தவர் அவர்தான். தொடர்ந்து செய்யக் கேட்ட அரசு நிதி மறுக்கப்பட்டது. மரபணுவைச் சால்ஃபிக்கும் சியனுக்கும் அனுப்பிவைத்துவிட்டு அந்த ஆராய்ச்சியிலிருந்தே விலகினார். நோபல் அறிவிக்கப்பட்ட நாளில் அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநராக இருந்தார். பயன் தெரியாத வேலைக்குப் பணம் தராதே என்ற கொள்கையை நடைமுறைப்படுத்தினால் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நடந்து முடிந்துவிட்டது.

கடல் தந்த மருந்துகளை எண்ணிக் காட்டுகிறாரே, எண்ணுவோம். 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் ஒரு கடற்பஞ்சில் விநோதமான நியூக்ளியோசைடுகளைக் கண்டார். மரபுப்பொருளின் கட்டுமானத் துண்டு போலவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சர்க்கரை வேறு. இப்படிச் சர்க்கரையை மாற்றினால் செல் ஏமாறும் என்ற பாடத்திலிருந்து வந்தது சைட்டராபின். 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான இரத்தப் புற்றுக்கு இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் பிறந்த பல்தோமெரோ ஒலிவேரா, கூம்பு நத்தையின் நஞ்சைப் பிரித்துப் பார்த்ததன் விளைவு சிக்கோனோடைடு: மார்பினும் கைவிட்ட வலிக்குத் தண்டுவட நீரில் செலுத்தும், அபின் வகையைச் சேராத மருந்து, 2004-இல் அனுமதி. ஜப்பானியக் கடற்பஞ்சில் 1986-இல் கண்ட ஹாலிகான்ட்ரின் வழியே மார்பகப் புற்றுக்கு வந்த எரிபுலினுக்கு 2010-இல் அனுமதி.

எண்ணிக்கை சிறியதுதான். சைட்டராபினால் பிழைத்த குழந்தையின் தாயிடம் போய் அது விரல்விட்டு எண்ணக்கூடியது என்று அவர் விளக்கட்டும். ஆய்வுக்கூடத்தில்தானே தயாராகிறது என்ற ஏளனம் இன்னும் மோசம். ஆம், ஆய்வுக்கூடத்தில்தான். கடற்பஞ்சைச் சுரண்டிச் சுரண்டி மருந்து எடுத்தால் கடல் மொட்டையாகும். அதனால்தான் வேதியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைச் செயற்கையாகக் கட்டினார்கள். எதைக் கட்டுவது என்று அவர்களுக்குச் சொன்னது பஞ்சு.

அவர் மருந்துப் புட்டிகளை மட்டும் எண்ணுகிறார். கருவிகளை எண்ணவே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வெட்டி வீழ்த்த பாக்டீரியா வைத்திருக்கும் நொதிக் கத்தரிகளைப் படித்த மூவருக்கு 1978-இல் நோபல். அந்தக் கத்தரிகளால் டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் வித்தை கைவந்த பிறகே, 1982-இல், பாக்டீரியா தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டுச் சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்வது அந்த வம்சத்து ஊசியைத்தான். அதே பாக்டீரியா–வைரஸ் சண்டையிலிருந்து இரண்டாவது கத்தரியும் வந்தது. ஸ்பெயினின் சாந்தா போலா உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் விசித்திர வரிசையை 1993-இல் பிரான்சிஸ்கோ மொஹிகா பதிவு செய்தார். அது வைரஸ்களை நினைவில் வைக்கும் தற்காப்பு என்று அவர் எழுதியதைப் பல இதழ்கள் திருப்பி அனுப்பின; 2005-இல்தான் அச்சேறியது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவை வைரஸிடமிருந்து காக்க நினைத்த ஒரு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2007-இல் அதைச் சோதனையால் நிறுவினார்கள். 2012-இல் ஷார்பென்டியே, டவுட்னா என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியாக்கினார்கள். 2023-இல் அரிவாள் செல் சோகைக்குக் கிரிஸ்பர் சிகிச்சை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

அரிவாள் செல் சோகை நமக்கு அந்நியமானதல்ல. இந்தியாவில் அது முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். இருளர், பணியர் குடும்பங்களை இன்றும் வாட்டும் நோய் அது. ஏழைகளின் நோயிலிருந்து தொடங்கு என்று முழங்கும் கட்டுரையாளருக்கு, அந்த ஏழைகளின் நோய்க்கான வழி உப்பளத்திலிருந்து புறப்பட்டது தெரியவில்லை. அந்தச் சிகிச்சையின் விலை இன்று அவர்களுக்கு எட்டாது என்பது உண்மை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் இங்கேயே அந்த அறிவை வளர்க்க வேண்டும். ஆய்வை நிறுத்துவதால் எந்த விலையும் குறைந்ததில்லை.

கணினி வாதம் எல்லாவற்றிலும் பலவீனமானது. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்கு 2024-இல் நோபல் கிடைத்தது சரி. அது எதைப் படித்து வளர்ந்தது? 1971 முதல் விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொதுவில் சேர்த்த புரத வடிவங்களையும், மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் அள்ளிப் படித்த கோடிக்கணக்கான மரபு வரிசைகளையும். 2004-இல் கிரெய்க் வென்டர் குழு சர்காசோ கடலில் நீரை வடிகட்டிப் படித்தபோதே பன்னிரண்டு லட்சம் புதிய மரபணுக்கள் கிடைத்தன. கணினி இருக்கிறதே, இனிக் கடல் எதற்கு என்பது, அரிசி ஆலை இருக்கிறதே, இனி வயல் எதற்கு என்பது போல.

வைரஸ் பயத்துக்கு வருவோம். ஆபத்தான கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் மேலும் வீரியமாக்கும் சோதனைகளுக்குக் கடிவாளம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் அதையும் கடல் வைரஸ்களைத் தேடுவதையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு கோடி வைரஸ்வரை இருக்கலாம். மெரினாவில் அலை அடித்து ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தவர் பல கோடியை விழுங்கியிருப்பார். அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவை மட்டும் தாக்குபவை. மனிதச் செல்லைத் தொடாதவை. கங்கை, யமுனை நீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ இருக்கிறது, கொதிக்க வைத்தால் அது போய்விடுகிறது என்று 1896-லேயே எர்னஸ்ட் ஹான்கின் இந்தியாவிலிருந்து எழுதினார். 1917-இல் ஃபெலிக்ஸ் டெரெல் அத்தகைய வைரஸ்களுக்குப் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டார். 2016-இல் எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமியால் சாகக் கிடந்த டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பிழைக்க வைத்தவை இப்படிப்பட்ட வைரஸ்கள். மருந்துக்கு மசியாத கிருமிகள் நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகும்போது, அவற்றின் இயற்கை எதிரிகளைத் தேடாதே என்பவர் யார் பக்கம் நிற்கிறார்?

கடைசியாகக் காசு. 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டம் ஐந்தாண்டுக்கு 4,077 கோடி ரூபாய். அதன் ஆறு பகுதிகளில் உயிரியல் சார்ந்தவை இரண்டு. மொத்தத் தொகையையே நூற்று நாற்பது கோடிப் பேருக்கு வகுத்தாலும் ஆளுக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய்கூட வராது. இதை மிச்சம் பிடித்துத்தான் நாட்டின் நோயைத் தீர்க்கப் போகிறாராம்.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைத்தான் அவர் பார்க்கவில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 862 கடல் உயிரினங்களின் 12,998 மரபு வரிசைகள் காப்புரிமைகளில் ஏறியிருப்பதைக் கண்டது. அவற்றில் 47 விழுக்காட்டைப் பதிவு செய்திருந்தது பிஏஎஸ்எஃப் என்ற ஒரே ஜெர்மன் நிறுவனம். தேடிப் போனவர் எழுதிக்கொண்டார். நுண்ணுயிரியலின் தட்டுகளில் 1880-களிலிருந்து உறைந்திருக்கும் அகார், கடற்பாசியிலிருந்து வருவது. பாம்பன், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் முங்கி முங்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் பறிப்பது அதற்காகத்தான். பறிக்கும் கை ஒன்று, பணம் சேரும் பெட்டி வேறு. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் மரபு வளத்தில் கிடைக்கும் பயனைப் பகிரச் சொல்லும் ஐநா ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தியா 2024-இல் அதில் கையெழுத்திட்டது. பகிர்வு மேசையில் பேச வேண்டுமானால் நம் கையில் மாதிரியும் தரவும் படித்த ஆட்களும் இருக்க வேண்டும். வெறுங்கையோடு போகிறவருக்கு மற்றவர்கள் முடிவு செய்ததைக் கேட்டுவிட்டு வருவதுதான் வேலை.

ஆகவே கட்டுரையாளர் அரசிடம் கேள்வி கேட்கட்டும், சரியான கேள்விகளை. திரட்டிய மாதிரிகள் எந்தப் பொதுச் சேமிப்பகத்தில் இருக்கின்றன? வரிசைகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றனவா? ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதாமாதம் தவறாமல் வருகிறதா? வருமானம் வந்தால் கடலோரத்துக்கு அதில் பங்கு உண்டா? இவற்றைக் கேட்கக் கொஞ்சம் படிக்க வேண்டும். சொறிமீனுக்கு எதற்குக் காசு என்று கேட்க ஒன்றுமே படிக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகையை அவர் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.