ஆண்டவருக்கு விலையுயர்ந்ததே ஆகுமா?



ஆராதனையில் வாசிக்கும் பேஸ் கிட்டார் பழுதாகும் நாளுக்கென்று மாற்றுக் கருவி ஒன்று தேவை என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் வேற்றுமை. “ஆண்டவருக்குக் கொடுப்பதில் மலிவு பார்க்கலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். பக்தியாய்த் தோன்றும் இக்கேள்வியை நான் ஏற்கவில்லை.

இவர்கள் 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். அர்வனாவின் களத்தை இலவசமாய்ப் பெற்றுப் பலியிடத் தாவீது மறுத்தது மெய்யே. ஆனால் அங்கே விலை கொடுத்தவன் தாவீதுதானே! நாம் செலவிடப்போவதோ, நம் காப்பித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் பழம் பறிக்கும் சகோதரிகள் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த காணிக்கை. பிறர் வியர்வையில் பெரிய பெயர் பொறித்த கருவியை வாங்கிவிட்டு அதைத் தாவீதின் தியாகம் என்பது வேதத்தைப் புரட்டுவதாகும்.

அந்தப் பெரிய பெயரின் கதையையும் கேளுங்கள். 1951-இல் பிரிசிஷன் பேஸை உருவாக்கிய லியோ ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தை உடலோடு ஒட்டாமல் திருகாணிகளால் பிணைத்தார். எளிதில் செய்யவும் எளிதில் பழுதுபார்க்கவும் வேண்டும் என்பதே நோக்கம். ஒரு பிக்கப், ஒலிக்கு ஒரு குமிழ், தொனிக்கு ஒரு குமிழ்; அவ்வளவே. மலிவான கருவிகள் பல இன்றும் இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. மாற்றுக் கருவிக்கு இதுவே போதும். உள்ளே பேட்டரி வேண்டாத வகையாக இருப்பது இன்னும் நலம். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த கருவியின் பேட்டரி ஆராதனை நடுவில் ஓய்ந்துபோகும்.

சவுலின் ஆயுதவர்க்கம் விலையில் குறைந்ததா? பழக்கமில்லை என்று தாவீது அதைக் களைந்துபோட்டான். நம் வாலிபர் வாசிப்பது நான்கு தந்தி, முப்பத்துநான்கு அங்குல அளவுள்ள கருவி. ஐந்து தந்தி கிட்டார் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கிவந்தால், பாட்டின் நடுவே மாற்றி எடுக்கும்போது விரல் தடுமாறும்.

மலிவு என்றதும் கண்ணில் பட்டதை வாங்கச் சொல்லவில்லை. ஏற்காட்டு மூடுபனியில் மரம் ஈரத்தை இழுக்கும், கழுத்து வளையும். ஆகையால் வளைவைத் திருத்தும் டிரஸ் ராட் சரியாகத் திரும்புகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்தினால் நடுவில் மெல்லிய இடைவெளி மட்டுமே தெரிய வேண்டும். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசியுங்கள். ஒயர் செருகும் இடத்தை அசைத்துக் கரகரப்பு எழுகிறதா என்று கேளுங்கள். பழைய கருவியானாலும் இவற்றில் தேறினால் தயங்க வேண்டாம்.

“வருடத்தில் இரண்டு நாள் உதவுவதற்கு ஒரு கருவியா?” என்போரும் உண்டு. கோலியாத்துக்கு ஒரு கல் போதுமாயிருந்தது. தாவீது ஓடையில் ஐந்தைப் பொறுக்கினான். ஆயினும் இவர்களின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது: தொடப்படாத கருவி தேவைப்படும் நாளில் கைவிடும். எனவே மாதத்தின் முதல் ஞாயிறு மாற்றுக் கருவியையே வாசிக்க வேண்டும் என்று பாடகர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணக்கில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போக வேண்டியதில்லை. உறையும் ஒரு செட் தந்தியும் அதற்குள் அடங்க வேண்டும். மிச்சத்தை ஜூன் மாதப் பள்ளிக் கட்டண உதவிக்கு ஒதுக்குமாறு வருகிற கமிட்டியில் முன்மொழிவேன். மறுப்புள்ளவர்கள் அங்கே வந்து பேசுங்கள்.